வால் நுனியில் ஒரு தலை

தையல்காரர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். தன் வீட்டுப் பின்கட்டில் கிடைத்ததைத் தானே போய் அரசாங்கத்திடம் சொன்னார். யாரும் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. குளித்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, தன் காலாலேயே நடந்து போய்ச் சொன்னார். அப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

தெருவில் அவருக்கு அரை இஞ்ச் என்று பெயர். தைத்துக் கொடுத்த சட்டையில் அரை இஞ்ச் கூடுதலோ குறைச்சலோ இருப்பதாகச் சந்தேகம் வந்தால், வாங்கிப் போனவர் வீட்டுக்கே போய், போட்டிருக்கும் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி வந்து, பிரித்துத் தைத்துக் கொடுப்பார். போட்டிருந்தவருக்கு அந்த அரை இஞ்ச் தெரிந்திருக்காது. அவர் மனைவிக்கும் தெரிந்திருக்காது. இவருக்கு மட்டும் தூக்கம் பிடிக்காது.

வீட்டில் கீழே கடையும் பின்னால் ஓர் அறையும். மேலே இரண்டு அறை, ஒரு கழிப்பறை. நடுவில் பதினேழு படி. முப்பது வருடமாக அந்தப் பதினேழு படியை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. போன வருடக் கடைசியில் அவர் மனைவி துணி காயப்போடப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். டாக்டர் உள்ளே ஒரு கிண்ணமும் கம்பியும் வைத்துத் தைத்து அனுப்பினார். நடக்கலாம், படி மட்டும் ஏறக் கூடாது என்றார். ஆகவே அவள் அன்றிலிருந்து தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அது தரைத்தள வீடு. இங்கே கீழேயே ஒரு கழிப்பறை கட்டி முடித்தால் மறுநாளே வந்துவிடுவாள். பின்கட்டில் கழிவுத் தொட்டிக்குக் குழி வெட்ட ஆள் போட்டிருந்தார். தினமும் காலை பத்து மணிக்கு அவளிடமிருந்து போன் வரும்.

"குழி எவ்வளவு தூரம் ஆச்சுங்க?"

"ரெண்டடி."

"நேத்தும் ரெண்டடின்னுதான் சொன்னீங்க."

"நேத்து ரெண்டடி. இன்னைக்கு ரெண்டே அரைக்கால் அடி. அதச் சொன்னா நீ சிரிப்ப."

நாலாவது அடியில் குழி வெட்டுகிறவரின் கடப்பாரை எதிலோ பட்டு 'ணங்' என்றது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால், இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டைப் போல முக்கோணமாக, தட்டையாக, ஒன்றரை அடி நீளத்துக்கு ஒரு கல். கல்லுக்குப் பல் இருந்தது. இரண்டு கண் குழியும் இருந்தது. கடப்பாரை பட்ட இடத்தில் ஓர் ஓரம் சில்லு பெயர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் வரிசையாக முதுகெலும்பு மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.

குழிக்காரர் அனுபவசாலி. கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் ஒண்ணும் பாக்கல. நீங்களும் ஒண்ணும் பாக்கல. மண்ணத் தள்ளி மூடிட்டு ஆறடி தள்ளி வெட்டிடலாம். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"அது எப்படிங்க? இது நம்ம பொருள் இல்லையே."

"அதுக்கும் இது தேவையில்ல, நமக்கும் தேவையில்ல. வேற யாருக்கு வேணும்?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிய அரை இஞ்சுக்கு ஏழு மாதம் ஆயிற்று.

தொல்லுயிர்க் காப்புத் துறை மூன்று மாடிக் கட்டிடம். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு விலங்கின் எலும்புக்கூடு நின்றது. கீழே பித்தளைப் பலகை: 'பல கோடி ஆண்டுகளுக்கு முன் நீரில் வாழ்ந்த நான்கு கால் பிராணி. மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே பூண்டோடு அற்றுப்போயிற்று. நீண்ட கழுத்தை உயர்த்தி எதிர்காலத்தை நோக்கும் இதனை நம் நிறுவனர் கண்டெடுத்து உருக்கொடுத்தார்.' அதே விலங்கு துறையின் முத்திரையில் இருந்தது, கடிதத் தாளில் இருந்தது, காவலாளியின் தொப்பியில் இருந்தது, கைகழுவும் இடத்தில் தொங்கிய துண்டிலும் இருந்தது. எல்லாவற்றிலும் அதன் காலடியில் ஒரே வாசகம்: 'என்றும் முன்னோக்கி'.

அரை இஞ்ச் அந்தப் பெட்டி முன் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்பது வருடமாகத் தோளும் இடுப்பும் அளந்த கண் அது. போதாததற்கு மூன்று மாதமாக மனைவியின் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து, இடுப்புக் கிண்ணம் எப்படி இருக்கும் என்பது மனப்பாடம். இந்த விலங்குக்கு இடுப்பு முன்னால் இருந்தது. தோள் பின்னால் இருந்தது. கழுத்து என்று சொல்லப்பட்டது போகப் போக மெலிந்து கடைசியில் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்திருந்தது. அந்த நுனியில் ஒன்றரை அடித் தலையை வைத்து, விழாமலிருக்க அடியில் இரும்புக் கம்பியால் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

முதல் மாடியில் கண்டெடுப்புப் பிரிவு. அங்கே இருந்த எழுத்தரம்மாவுக்கு ஓய்வு பெறப் பதினான்கு மாதம் இருந்தது. அதை மேசைக் காலண்டரில் மாதத்துக்கு ஒரு கோடு கிழித்து எண்ணிக்கொண்டிருந்தார். அரை இஞ்ச் விஷயத்தைச் சொல்லி, படிவம் வாங்கி, பூர்த்தி செய்து, எழுந்து வரும்போது சும்மா வராமல் ஒரு வார்த்தை சொன்னார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. கீழ நிக்கிற அந்த விலங்குக்குத் தலைய வால்ல வெச்சிருக்காங்க. பேண்ட்டைப் பின்பக்கம் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு."

எழுத்தரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வேலைல சேர்ந்த முதல் நாளே எங்க எல்லாருக்கும் தெரியுங்க" என்றார். "ரெண்டாம் நாள்லேருந்து தெரியாது."

ஆய்வுக் குழு இருபது நாள் கழித்து வந்தது. மூன்று பேர், ஒரு ஜீப், சிவப்பும் வெள்ளையுமாக ஒரு சுருள் நாடா. முதலில் நாடாவைக் கட்டினார்கள். பிறகு பின்கட்டு முழுவதையும் தோண்டி விலங்கை முழுசாக வெளியே எடுத்தார்கள். ஒரு எலும்பு குறையவில்லை. வீட்டுச் சுவரை ஒட்டித் தலை. தலையை ஒட்டிச் சின்னக் கழுத்து, தோள், விலா, இடுப்பு, நான்கு குட்டைக் கால்கள், பிறகு நீளமாக ஒரு வால். மொத்தம் பதினோரடி. அப்படியே தண்ணீரில் படுத்துத் தூங்கியது போல நேராகக் கிடந்தது.

குழுவின் தலைவர் படிவத்தைப் பிரித்தார். அதில் விலங்கின் படம் அச்சடித்தே இருந்தது, முத்திரையில் இருந்த படமேதான். கிடைத்த எலும்புகளுக்குப் படத்தில் டிக் அடிக்க வேண்டும். வால் நுனியிலிருந்து ஆரம்பித்தார். அங்கே படத்தில் தலை இருந்தது. குழியில் இல்லை. அவர் முகம் கறுத்தது.

"தலை எங்க?"

"இங்க இருக்கு சார்" என்று அரை இஞ்ச் சுவர்ப் பக்கம் காட்டினார்.

"அது பின்பக்கம்."

"பின்பக்கத்துல பல்லு இருக்கு சார்."

குழுத் தலைவர் அதை மறுக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. அதைப் படிக்க அரை இஞ்ச் மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார். மேற்படி இடத்தில் காணப்படுபவை இரண்டு விலங்குகள். முதல் விலங்கின் உடல் முழுமையாக உள்ளது, தலை காணப்படவில்லை. இரண்டாம் விலங்கு முதல் விலங்கைப் பின்பக்கமாகக் கடிக்கும் நிலையில் இறந்துள்ளது. அதன் தலை மட்டும் உள்ளது, உடல் காணப்படவில்லை. காணாமல் போன தலைக்கும் காணாமல் போன உடலுக்கும் நில உரிமையாளர் விளக்கம் அளிக்க வேண்டும். அதுவரை அந்த இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

விசாரணை மூன்றாம் மாடியில், நிறுவனரின் ஆளுயரப் படத்துக்குக் கீழே நடந்தது. படத்தில் அவர் விலங்கின் வால் நுனியை அன்பாகத் தடவிக்கொண்டிருந்தார். இயக்குநர் நடு நாற்காலியில். சுற்றிலும் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் முன்னால் தண்ணீர் பாட்டில்.

"தலை எங்கே போச்சு?" என்று ஆரம்பித்தார் இயக்குநர்.

"எங்கயும் போகல சார். கடிக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அந்தத் தலைதான் இந்த உடம்போட தலை. ரெண்டையும் சேத்துட்டா எதுவும் காணாமப் போகாது. எல்லாம் சரியாயிடும்."

எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்கள். இயக்குநர் கோபப்படவில்லை. அவர் படித்தவர், பொறுமைசாலி. எழுந்து நின்று, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேசினார்.

"நம் நிறுவனர் இந்த விலங்கைக் கண்டெடுத்தபோது அது நாற்பத்தொரு துண்டாக இருந்தது. எந்தத் துண்டு எங்கே போக வேண்டும் என்று அன்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரியாமலேயே அவர் முடிவெடுத்தார். அதற்குப் பெயர்தான் துணிச்சல். அந்தத் துணிச்சலின் மேல் இந்தக் கட்டிடம் நிற்கிறது. நானூறு பேர் இங்கே வேலை பார்க்கிறோம். பதினோரு பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறோம். என்னுடைய ஆய்வு அந்தக் கழுத்தைப் பற்றி. அந்தக் கழுத்தின் கம்பீரத்தைப் பற்றி மட்டும் எழுபது பக்கம் எழுதியிருக்கிறேன். அது வால் என்றால், நான் இருபத்தெட்டு வருடமாக எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்?"

நியாயமான கேள்விதான் என்று அரை இஞ்சுக்கும் பட்டது.

"ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்" என்று இயக்குநர் தொடர்ந்தார். "நீங்கள் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். உண்மை இன்று உங்கள் பின்கட்டில் கிடைத்திருக்கிறது. நாளை இன்னொருவர் பின்கட்டில் இன்னொன்று கிடைக்கும். கிடைக்கிற உண்மைக்கெல்லாம் முத்திரையை மாற்றிக்கொண்டிருந்தால் துறை எப்போது வேலை செய்வது?"

எட்டுப் பேரும் மேசையைத் தட்டினார்கள். தீர்ப்பு அங்கேயே தட்டச்சானது. காணாமல் போன தலை ஒன்று, காணாமல் போன உடல் ஒன்று, ஆகிய இரண்டையும் நில உரிமையாளர் தொண்ணூறு நாட்களுக்குள் துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நிலம் நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆகும். வீடும் அதற்குள் அடங்கும்.

அரை இஞ்ச் வீட்டுக்கு வந்து, வெட்டின துணி வெட்டினபடி கிடக்க, மெஷின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு வாரம் போயிற்று. நாடா கட்டிய குழிக்குள் மழைத் தண்ணீர் நின்றது. பல கோடி வருடம் கழித்து அந்த விலங்கு மறுபடி தண்ணீரில் கிடந்தது. தினமும் பத்து மணிக்கு போன் வந்தது. தினமும் "நடந்துக்கிட்டிருக்கு" என்றார். எட்டாம் நாள் அவள் குழியைப் பற்றிக் கேட்கவில்லை.

"என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் இவர்.

"ஒண்ணுமில்ல. நாக்கு வறண்டுபோயிருக்கு."

"தண்ணி குடிக்க வேண்டியதுதானே."

அவள் பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"ஏம்மா, தண்ணி குடிக்கறியா இல்லையா?"

"காலைல ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். அதுக்கு மேல குடிக்கறதில்லைங்க. குடிச்சா எழுந்து போகணும். இங்க அந்த ரூம்ல தாழ்ப்பாளும் சரியில்ல, புடிச்சுக்க ஒரு கம்பியும் இல்ல. ஒவ்வொரு தடவையும் அண்ணி அடுப்ப அணைச்சுட்டு வந்து கதவப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. அவங்க ஒரு வார்த்த சொல்லல. சொல்லாம நிக்கறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

அரை இஞ்ச் போனை வைத்த பிறகு அழுதார். ஒரு மனுஷியால் ஆசைப்பட்டபோது ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை, காரணம் நாற்பது வருடத்துக்கு முன் ஒருவர் ஒரு எலும்பைத் தப்பான பக்கம் ஒட்டினார். முகத்தைக் கழுவிக்கொண்டு, நோட்டீஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எழுத்தரம்மாவைப் பார்க்கப் போனார்.

எழுத்தரம்மா நோட்டீஸை மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் படித்தார்.

"'தாக்கல் செய்ய வேண்டும்'னுதானே போட்டிருக்கு" என்றார்.

"ஆமாம்மா. இல்லாத தலைய நான் எங்க போய்த் தேடுவேன்?"

"தேடச் சொல்லலையே. தாக்கல் பண்ணச் சொல்லியிருக்கு. எங்கேருந்து கிடைச்சுது, எப்படிக் கிடைச்சுதுன்னு படிவத்துல ஒரு கட்டமும் இல்ல. நாப்பது வருஷமா இல்ல. இருந்திருந்தா நாங்களே மாட்டிக்கிட்டிருப்போம்." பிறகு அவர் தன் ஜாக்கெட்டின் கை ஓரத்தைப் பார்த்தபடி, பேச்சு வாக்கில், "நீங்க என்ன தொழில் பண்றதா சொன்னீங்க?" என்றார்.

அவர் என்ன தொழில் என்பது படிவத்திலேயே இருந்தது. அரை இஞ்சுக்கு விஷயம் புரிந்தது. தன் ஆயுளில் அவர் செய்த பெரிய பொய், ஒரு மாப்பிள்ளையிடம் "நீங்க ஒல்லியாத்தான் இருக்கீங்க" என்று சொன்னது.

ஆனாலும் வேலை என்று வந்துவிட்டால் அவர் வேறு ஆள். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு நாடாவுக்குக் கீழே குனிந்து குழிக்குள் இறங்கி அளவெடுத்தார். பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்: தோள் பதினெட்டு, இடுப்பு இருபத்திரண்டு, வால் அறுபத்தேழரை. கித்தான் துணியில் ஒரு தலையும் ஓர் உடலும் வெட்டி, உள்ளே காலருக்கு விறைப்பு கொடுக்கும் பக்ரம் வைத்து, பஞ்சு திணித்து, மேலே பசையும் சிமென்ட் பாலும் கலந்து தடவினார். டீத்தூள் கரைசலில் நிறம் ஏற்றினார். கோட்டுப் பொத்தான்களை இரண்டாக உடைத்துப் பல் வரிசை வைத்தார். விலா எலும்புகளுக்குள் கம்பி. துறையின் ஆசைப்படி வால் நுனியில் மாட்ட வேண்டிய தலையாயிற்றே, ஆகவே தலையின் பின்னால் அந்த நுனி செருகிக்கொள்ள ஓர் உறை தைத்து நாடா போட்டு இறுக்கினார். ஐம்பது நாள் ஆயிற்று. ஊருக்குத் தைக்க வேண்டிய துணியெல்லாம் மூலையில் கிடந்தது. இரண்டாவது விலாவில் அரை இஞ்ச் இடித்தது என்று முழு நெஞ்சுக்கூட்டையும் பிரித்து மறுபடி தைத்தார். அவருக்கு மோசமாகத் தைக்கத் தெரியாது. கெட்ட காரியத்துக்கென்று தனியாக ஒரு தையல் அவரிடம் இல்லை.

எண்பதாம் நாள் இயக்குநரே நேரில் வந்தார். எட்டுப் பேரும் வந்தார்கள். குழியின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் துணித் தலையும் துணி உடலும் இருந்தன. பக்கத்தில் குழிக்குள் அசல் விலங்கு, வழக்கம்போல, தலை சுவர்ப் பக்கமாக.

இயக்குநர் துணித் தலையை இரண்டு கையாலும் எடுத்தார். பக்கத்தில் நின்றவர் ஒரு கை கொடுத்தார்.

"எவ்வளவு லேசா இருக்கு" என்றார் எட்டுப் பேரில் ஒருவர்.

"தண்ணில மிதந்த பிராணி. கனமாவா இருக்கும்?" என்றார் இயக்குநர். விரலால் தடவிப் பார்த்தார். "இதக் கவனிச்சீங்களா? ஓரம் பூரா சீரா ஒரு துளை வரிசை. இஞ்சுக்குப் பன்னிரண்டு. இயற்கையோட ஒழுங்கு இதுதான். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். தலையைக் கொண்டுபோய்க் குழிக்குள் இறங்கி அசல் வாலின் நுனியில் மாட்டிப் பார்த்தார். நுனி ஏற்கெனவே மழையில் ஊறித் தளர்ந்திருந்ததால் இரண்டு எலும்பு கழன்று விழுந்தது. முகம் சுளித்தார். மேலே வந்து துணி உடலின் வால் நுனியில் மாட்டினார். உறை கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரே அளவுக்குத் தைத்ததுதானே, உட்காராமல் என்ன செய்யும்.

இயக்குநரின் கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு விலங்கே இல்லை" என்றார். "இந்தத் தலையும் இந்த உடம்பும் ஒரே விலங்கு. சேர்த்துப் பார்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. நிறுவனர் நாற்பது வருடத்துக்கு முன்னால் சொன்ன அதே கழுத்து, அதே தலை, அதே இடம். இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று இத்தனை நாளாக ஒருவருக்கும் தோன்றவில்லையே."

அரை இஞ்சுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அவர் ஜாதகம் அப்படி.

"சார், ஒரு விஷயம் சொல்லிடறேன். மனசு கேக்கல. அது நான் தைச்சது சார்."

எட்டுப் பேரும் அவரைப் பார்த்தார்கள். இயக்குநர் அவர் தோளில் கை வைத்தார்.

"ஐயா, நீங்க தையல்காரர். உங்களுக்கு எதப் பார்த்தாலும் தைச்ச மாதிரிதான் தெரியும், அது இயல்பு. ஆனா இந்த மாதிரி ஒண்ண மனுஷக் கையால தைக்க முடியாது. உலகத்துல எந்தத் தையல்காரனாலும் முடியாது."

நாற்பது வருடத் தொழிலில் அரை இஞ்சுக்கு அப்படி ஒரு பாராட்டை யாரும் சொன்னதில்லை.

"அப்போ குழிக்குள்ள கிடக்கறது சார்?" என்று மட்டும் கேட்டார்.

இயக்குநர் எட்டிப் பார்த்தார். "அதுவா? அது எதோடயும் பொருந்தலையே. ஓரம் வேற உடைஞ்சிருக்கு, ஒரு சீரே இல்ல. துண்டு துக்கடா. மூடிடுங்க."

துணி விலங்கை மெத்தை விரித்த வண்டியில் ஏற்றி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு, ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். நாடாவைச் சுருட்டிக்கொண்டு போகவும் மறக்கவில்லை. ஒரு மாதம் கழித்துச் சான்றிதழ் வந்தது: 'மேற்படி நிலத்தில் எஞ்சியுள்ள கற்கள், எலும்பு போன்ற தோற்றம் உடையவை ஆயினும், எந்த விலங்குக்கும் எக்காலத்திலும் உரியவை அல்ல என்று சான்றளிக்கப்படுகிறது. கட்டிடப் பணிக்குத் தடை இல்லை.' கூடவே இயக்குநர் கையெழுத்துப் போட்ட ஒரு பாராட்டுக் கடிதம். இதே தரத்தில் இனி ஏதாவது கிடைத்தால் தயவுசெய்து தெரிவிக்கவும் என்று முடிந்தது.

வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் இப்போது அதுதான் நிற்கிறது. முட்டுக் கம்பியை எடுத்துவிட்டார்கள். அவ்வளவு லேசான தலைக்குக் கம்பி எதற்கு? இஞ்சுக்குப் பன்னிரண்டு துளையைப் பற்றி இரண்டு பேர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறார்களாம். எழுத்தரம்மா போனில் சொன்னார். தன் காலண்டரில் இன்னும் ஏழு கோடுதான் பாக்கி என்றும் சொன்னார்.

குழிக்காரர் வந்தார். அவர் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது. அரை இஞ்ச் கழன்று விழுந்த இரண்டு வால் எலும்பையும் எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். தலையில் பெயர்ந்த சில்லு, முதல் நாளிலிருந்து அவர் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளோடு கிடந்தது. அதையும் கொண்டுவந்து பொருத்தினார். சல்லடையில் சலித்த மணலை மேலே போட்டு மெதுவாக மூடினார்கள். தொட்டிக்கு ஆறடி தள்ளிக் குழி வெட்டினார்கள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது.

மணலுக்கு மேலே தளம் போட்டு, அறை எழுந்தது. சொரசொரப்பான தரை, சுவரில் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி, உள்ளே சுலபமாக விழுகிற தாழ்ப்பாள். அவள் வந்த அன்று, அண்ணன் கைத்தாங்கலாக இறக்கிவிட்டுப் போன பிறகு, முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டாள். நின்றபடியே முழுசையும் குடித்தாள். இன்னொரு சொம்பு கேட்டாள். அதையும் குடித்தாள். பிறகு நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். ஒன்பது அடி. இவர் பின்னாலேயே போய்க் கதவைப் பிடித்தார்.

"விடுங்க. நானே சாத்திக்கிறேன்" என்றாள்.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அரை இஞ்ச் வெளியே சுவரில் சாய்ந்து நின்றார். ஏழு மாதத்தில் அவர் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அது இங்கதான் இருக்கா?"

"உன் காலுக்குக் கீழதான்."

"முழுசாவா?"

"முழுசா. ஒரு எலும்பு குறையல."

"தலை?"

"தலை இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்கு."

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகு அவள் சொன்னாள்:

"நல்ல வேளைங்க. எதை எந்த விலங்கும் இல்லைன்னு எழுதிக் குடுத்தாங்களோ, அதுவாவது நிம்மதியா இருக்கட்டும்."